ஓரத்திலாவது ஒரு கையெழுத்து

2025 செப்டம்பர் 25, வியாழக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். சுபஹ் தொழுதுவிட்டு வந்து கிணற்று மோட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். ஆறரைக்குப் பிளேன்டீயும் இரண்டு ரொட்டியும். அன்று மாலை, அஸர் தொழுகைக்குப் பின், மகளுக்கு நிக்காஹ். அப்படியிருந்தும் அரை நாள் விடுப்புத்தான் எடுத்திருந்தேன். ஏழு ஐம்பது பஸ்ஸில் நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் போனேன்.

நான் நீதிமன்றப் பதிவகத்தில் எழுதுவினைஞன். வருகிற ஆவணங்களைச் சரிபார்ப்பதே இருபத்தாறு வருடமாக என் வேலை. அன்று காலையிலும் மூன்றைத் திருப்பி அனுப்பினேன். மூன்றிலும் ஒரே குறை: சம்பந்தப்பட்டவரின் கையொப்பம் இல்லை.

எங்கள் திருமணப் பதிவுப் படிவத்தில் மணமகளின் பெயர் உண்டு, வயது உண்டு, மஹர் தொகை உண்டு. அவள் கையொப்பமிட ஒரு கோடு இல்லை. அவளுடைய வலி, அதாவது பொறுப்பாளரான தகப்பன், அவளுக்காகப் போடுவான். சம்பந்தம் முடிவான அன்றே, மூன்று மாதத்துக்கு முன், மகள் என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள்.

"வாப்பா, என்ட கலியாணத்துல நான் கையெழுத்து வெப்பன். என்ன உடாட்டி நீங்களும் கையெழுத்து வெக்கப்படா."

ஓம் என்றேன்.

மறுநாளே எங்கள் பதிவகத்துக்கு வந்துபோகும் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அரசியலமைப்பின் பதினாறாம் உறுப்புரையைப் படித்திருக்கிறீர்களா என்றார். படித்திருக்கிறேன். இந்த அரசியலமைப்பு வந்தபோது நடைமுறையில் இருந்த சட்டங்கள், எழுதியதோ எழுதாததோ, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் தொடர்ந்து செல்லுபடியாகும். பன்னிரண்டாம் உறுப்புரையில் எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்று எழுதி, நாலு உறுப்புரை தள்ளி அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் முஸ்லிம் விவாகச் சட்டமோ நான் பிறப்பதற்கும் முந்தியது.

பெண்களுக்குப் பாரபட்சம் காட்டமாட்டோம் என்று நாடு சர்வதேச உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருக்கிறதே என்றேன். ஒப்பமிட்டது உண்மை, ஆனால் பாராளுமன்றம் அதைச் சட்டமாக்காத வரை உள்நாட்டில் யாருக்கும் அதனால் உரிமை பிறக்காது என்பதே உயர் நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு என்றார். உலகத்தின் முன் போட்ட கையெழுத்து ஊரில் செல்லாதாம். அப்படியென்றால் அதை எதற்குப் போட்டார்கள்? படம் எடுக்கவா?

போக எழுந்தவர் ஒன்று சொன்னார். "சட்டம் தெளிவா இருந்தா நீதிமன்றம் உடன்படிக்கையப் பார்க்காது. சட்டம் பேசாம இருந்தா, பொருள் கொள்ள அதைப் பார்க்கலாம்."

அதன் பின் எங்கள் விவாகச் சட்டத்தை வரி வரியாக இரண்டு முறை வாசித்தேன். மணமகள் கையொப்பமிடக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அது பேசாமல்தான் இருக்கிறது. அப்படியானால் தடுப்பது சட்டமல்ல, பதிவாளர். அது நிர்வாகச் செயல். அதைக் கேள்வி கேட்கலாம். ஆனால் மறுக்கப்பட்டவளே, ஒரு மாதத்துக்குள், கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு மனுவோடு போகவேண்டும். இதை மகளிடமும் சொன்னேன்.

அஸருக்குப் பின் இரண்டு சாட்சிகளோடு அறைக்குள் போய் மகளிடம் சம்மதம் கேட்டேன். சத்தமாகவே சொன்னாள். முன்விறாந்தைக்கு வந்ததும் பதிவாளரான மௌலவியிடம், மகளும் கையெழுத்து வைக்கப்போகிறாள் என்றேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எங்க வெக்கிற? இடமில்லியே."

"ஓரத்துல வெக்கட்டும், மௌலவி."

"ஓரத்துல கிறுக்கினா புத்தகம் பழுதாப் போகும். புள்ளட சம்மதத்த இப்பதானே கேட்டு வந்தீங்க?"

சம்மதம் கேட்கச் சொன்னது மார்க்கம். அந்தச் சம்மதத்தை அவள் கையால் எழுதி வாங்காதே என்று எந்த மார்க்கம் சொன்னது? கேட்டேன். அவர் பேனையின் மூடியைக் கழற்றினார்.

மனைவியின் தம்பி என் தோளைப் பிடித்து, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான். "மச்சான், கோட்டுல கடதாசியத் திருப்பி அனுப்புற மாதிரி மாப்புளயையும் திருப்பி அனுப்பப் போறீங்களா?"

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை தலை குனிந்து இருந்தார். சஹன் தட்டுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஐந்து இருபத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போல் சுத்தமான கையெழுத்து, அடியில் ஒரு கோடு.

நீதிபதிகள் மீதும் பாராளுமன்றம் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. அது குறையப்போவதில்லை. ஆனால் அந்தப் பேனையை என் கையில் திணித்தது பதினாறாம் உறுப்புரை அல்ல. ஆறுகிற சோற்றுக்கும் இரண்டு பேருடைய சிரிப்புக்கும் பயந்து நானே வாங்கினேன். என் மேசைக்கு அப்படியொரு ஆவணம் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபின் மகளிடம் போய், என்னால் முடியவில்லை என்றேன்.

"ஜன்னலால பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்," என்றாள். பிறகு கேட்டாள்: "மனுவுக்கு ஒரு மாசம் இண்டைக்கிருந்தா, நாளைக்கிருந்தா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதம் இருந்தது. பதிவாளருக்கு, அவளுடைய கையெழுத்தில். "என்னைக் கையொப்பமிட அனுமதிக்காததற்கான காரணத்தையும், அதற்கு ஆதாரமான சட்டப் பிரிவையும் எழுத்தில் தாருங்கள்." அடியில் அவளுடைய கையொப்பம். ஊர் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்ட புது மருமகன் தபால் உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டி முதல் வரியிலிருந்து சரிபார்த்தேன். பிறகு கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"திகதி போடல்ல, மகள்."

வாங்கி, 26 என்று போட்டாள்.