துரை வீட்டுச் சீமைப் பெருச்சாளி

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேலையில் நோயாளி வாயே திறக்க மாட்டான். கூட வந்தவர் வாயை மூட மாட்டார். அதோடு அடுத்தவர் பொருளைப் பார்த்துக்கொள்ளவும் வாங்கி வைத்துத் தூக்கம் கெட்டவர்களுக்கு, நான் பட்ட பாட்டை விளக்க வேண்டியதில்லை.

தராசுத் தட்டில்

1940களில் நான் அரியலூரில் தற்காலிகக் கம்பவுண்டர். ரயில்வே பாலம் கட்ட வந்த வெள்ளைக்கார என்ஜினீயர் துரை, கோடைக்குக் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகும்போது மகளின் சீமைப் பெருச்சாளியை எங்கள் டாக்டரிடம் விட்டார். டாக்டர் அதை என் தலையில் கட்டினார். கினிபிக் என்பார்கள்; வால் இல்லாத, முயல் குட்டி மாதிரி ஒரு பிராணி. பெயர் ஜிம்மி. கூண்டில் ஒரு சீட்டு: 'வயது ஆறு. சனிக்கிழமைதோறும் எடை பார்த்துக் கடிதம் எழுதவும்.'

வெங்காய மண்டித் தராசில் நிறுத்தேன். பலம் என்றால் சுமார் முப்பத்தைந்து கிராம். முதல் வாரம் இருபத்தைந்து பலம், அடுத்த வாரம் இருபத்து மூன்று, மூன்றாம் வாரம் இருபது. மண்டிக்காரர் சொன்னார்: "குன்னம் ஊரு வெங்காயமும் இப்படித்தாங்க, வச்சிருக்க வச்சிருக்கக் கொறையும். சீக்கிரம் தள்ளிவிட்டுருங்க."

வைத்தியம்

காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை. அருகம்புல்லைக் கண்டால் ஓடி வரும், வாயில் வைக்கும், கீழே போட்டுவிடும். என் மனைவி தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். அதுவும் பாதி மோவாயில் வழிந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில், 'எடை அப்படியே இருக்கிறது' என்று துரைக்குப் பொய் எழுதினேன். எழுதிய பிறகு பயம் இரண்டானது. டாக்டரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சது ஆடு, மாடு, குதிரைய்யா. இது செத்தா ரிப்போர்ட்டுல உன் பேரத்தான் எழுதணும்" என்றார்.

தெருவின் பயம்

எலி செத்து விழுந்தால் பிளேக் என்று ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறிய காலம் அது. எங்கள் வீட்டில் ஒரு பெரிய எலி இளைத்துக்கொண்டே வருகிறது என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. பால்காரர் வாசலுக்கு எட்ட நின்று ஊற்றினார். கூண்டுக்குள் ஜிம்மி கண்ணை மூடினால் போதும், கூண்டைத் தட்டி எழுப்பிவிடுவேன். எதிர்வீட்டுக்காரர் வந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "அது விழுந்தா தெருவே வூட்டக் காலி பண்ணணுங்க. அதுக்கு முன்னால நீங்க பண்ணிடுங்க."

பல்

கூண்டை ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனேன். காளைக்கு மருந்து வாங்க விக்கிரமங்கலத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் அதைப் பார்த்தார். பார்த்ததும், சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லில் வயது பார்ப்பதுபோல் அதன் வாயைப் பிளந்துவிட்டார். கீழ்ப்பற்கள் நீண்டு வளைந்து மேல் உதட்டை இடித்துக்கொண்டிருந்தன. புல்லை எப்படிக் கடிக்கும்? தினம் பத்து மாட்டின் வாயைத் திறக்கும் நான் இதன் வாயைத் திறக்கவே இல்லை. வயதுதான் சீட்டில் எழுதியிருந்ததே!

டாக்டர் சின்னக் குறடால் பல்லை நறுக்கினார். சாயங்காலம் ஜிம்மி ஒரு கைப்பிடி அருகம்புல்லைத் தின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போகும்போது அந்த விவசாயி கேட்டார்: "வயசு பாக்கத்தான் வாயத் தொறக்கணுங்களா? வவுறு காஞ்சாலும் தொறந்து பாக்கலாம்ல?"

துரை திரும்பினார்

துரை குடும்பம் வந்தபோது ஜிம்மி இருபத்து மூன்று பலம். கடிதத்தில் இருபத்தைந்து. கூண்டைப் பங்களாவில் வைத்தேன். அந்தப் பெண் குழந்தை கத்திக்கொண்டு ஓடிவந்து அதை வாரி எடுத்தாள். துரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சமையல்காரரைத் தனியே அழைத்து, கடிதத்தைப் பற்றித் துரை ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: "ஒண்ணையும் பிரிக்கலீங்க. ஆறு வயசுன்னா இதுக்குக் கெழட்டு வயசாம், செத்துப்போச்சுன்னு எழுதியிருந்தா பாப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தொரைக்கு ஒரே பயம்."

துரைக்கும் பயம் வரும் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால், நானும் ஜிம்மியோடு சேர்ந்து ஐந்து பலம் இளைக்காமல் இருந்திருப்பேன்.