பதின்மூன்று ஜிபி

பூர்ணிமா வீடியோஸ் புருஷோத்தமனைப் பற்றி எங்கள் தெருவில் விசாரித்தால், முதலில் அவனுடைய கிறுக்கைத்தான் சொல்வார்கள். கல்யாண வீடியோவில் யாராவது பேசுகிற இடம் வந்தால் அதன் மேல் பாட்டுப் போடமாட்டான். "சித்தப்பா சாம்பார் கேக்கறதெல்லாம் எதுக்கு சார், நல்ல பாட்டா ஒன்னு போட்டு விடுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் கெஞ்சினாலும் மசியமாட்டான். இரண்டு வருஷத்தில் பத்துப் பதினைந்து பேர் வேறு ஸ்டூடியோவைப் பார்த்துப் போய்விட்டார்கள். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்துப் பிழைக்கும் எனக்கு, அந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

புருஷோத்தமன் அரியாங்குப்பத்துக்காரன். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டு, கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து கேமராவைத் தோளில் தூக்கியவன். தினமும் காலையில் டிவிஎஸ் ஃபிப்டியில் பாலம் தாண்டி டவுனுக்கு வந்துவிடுவான். தொண்ணூற்றெட்டில் எட்டுக்குப் பத்து அறை ஒன்றைப் பிடித்து மகள் பெயரை வைத்தான். தாலி கட்டும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதும் தெரியும், சர்ச் பூசையில் எப்போது எல்லாரும் முழங்கால் போடுவார்கள் என்பதும் தெரியும். அதனால் இந்து வீட்டுக் கல்யாணமும் கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணமும் சரிசமமாக வந்தன. வேலையில் சுத்தம். அவனிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். மெஷின் விஷயத்தில் தனக்குத் தெரியாதது கிடையாது என்று நினைப்பான்.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்து, தொழில் செய்கிற மெஷின் கன்னி மூலையில் இருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும், அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இவன் ஆசாரியைக் கூப்பிட்டு அந்த மூலையில் சுவரோடு சுவராக ஒரு மரப்பெட்டி அடித்து, சிபியுவை அதற்குள் குடிவைத்துவிட்டான். அதன் முதுகு சுவரைப் பார்த்து நின்றது. அந்த வருஷம் முகூர்த்தம் குவிந்தது. பிறகு கேட்க வேண்டுமா, பெட்டியை யாராவது ஒரு விரல் நகர்த்தினால் சண்டைக்கு வந்துவிடுவான். பின்பக்கம் ஒயர் சொருக வழியில்லாமல் அவன் படும் பாட்டைப் பார்த்து, நான் சென்னை போனபோது ஒரு ஹப் வாங்கிவந்து கொடுத்தேன். முன்பக்கம் இருக்கும் ஒரே துளையில் அதைச் சொருகினால் நாலு சாமான் மாட்டலாம். அது பழைய ரகம், மெதுவாகத்தான் போகும் என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. சின்னச் சின்ன போட்டோக்கள் போய் வந்த வரையில் வித்தியாசமும் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஏழு மே மாதம் தனிஸ்லாஸ் ஐயா வீட்டுக் கல்யாணத்தை எடுத்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் ஊரில் அவருக்கு, சிப்பாய் என்ற அர்த்தத்தில், சொல்தா தனிஸ்லாஸ் என்றுதான் பெயர். பிரான்சில் வேலையிலிருக்கும் மகன் நெல்சனுக்குக் கல்யாணம். ரிசப்ஷனில் பெரியவர் மைக்கைப் பிடித்து, தமிழும் பிரெஞ்சுமாக மனைவியைப் பற்றி ஆறேழு நிமிஷம் பேசினாராம். அந்த மனைவி ஆனந்தமேரி அம்மா, பிரியாணி பத்துமா பத்தாதா என்று பந்தியில் நின்றுகொண்டிருந்தார். வந்தவர் போனவரெல்லாம், "உங்க வீட்டுக்காரர் உங்களப் பத்தி என்னமா பேசிட்டாரு!" என்று சொல்ல, அந்த அம்மா வீட்டுக்குப் போய்ப் புருஷனைக் கேட்டிருக்கிறார். அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு, "வீடியோ வரும் இல்ல, அதுல பாத்துக்க" என்றாராம்.

ஜூலையில் அவருக்கு மாரடைப்பு. போய்விட்டார். வீடியோ ஆகஸ்டில் வந்தது. அதில் அந்தப் பேச்சு பத்து விநாடி இருந்தது, அதன் மேல் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. பக்கத்தில் நின்ற நெல்சனுக்கே, போட்டோவுக்குச் சிரித்துக் களைத்ததில், அப்பா அம்மாவை முதலில் பார்த்த கதையைச் சொன்னார் என்பதற்கு மேல் ஞாபகமில்லை.

செப்டம்பரில் மகன் வந்து அம்மாவை ஒரேயடியாகப் பிரான்சுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். புறப்படுகிற அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆனந்தமேரி அம்மா கையில் ஒரு புது ஹார்ட் டிஸ்க்கோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"தம்பி, வெட்டாத படம் உங்ககிட்ட இருக்குமாமே. அவர் பேசுனது இதுல வேணும். நாலு மணிக்கு வேன்."

கேமரா டேப்புகளின் மேல் அதற்குள் வேறு கல்யாணங்கள் ஏறிவிட்டன. ஆனால் கம்ப்யூட்டரில் படம் இருந்தது. ரிசப்ஷன் டேப் மொத்தமும் ஒரே ஃபைல், பதின்மூன்று ஜிபி. "இதுக்கென்னம்மா, அரை மணியில முடிச்சிடலாம்" என்றான் புருஷோத்தமன்.

ஹப்பில் டிஸ்கைச் சொருகினான். ஃபைல் பெரிது, ஏற்கமாட்டேன் என்றது. டிஸ்கை வேறு விதமாக ஃபார்மட் செய்தான். காப்பி ஓட ஆரம்பித்தது. மீதி நேரம் இருநூற்று இருபது நிமிஷம் என்று காட்டியது. நிறுத்திவிட்டு ஒயரை மாற்றினான். அதே இருநூற்று இருபது. வைரஸ் பார்க்கிற ப்ரோக்ராமை அணைத்தான். ஹப்பிலேயே ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றிச் சொருகினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஒவ்வொரு தடவை சொருகும்போதும் திரையின் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் எழும்பி இங்கிலீஷில் ஏதோ சொல்லும். ஈயை விரட்டுவதுபோல அதை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"டிஸ்க் மட்டம்மா. உங்க பையன் ஏமாந்துட்டாரு" என்றான் கடைசியில். மணி இரண்டே கால். ஓடுகிற வரை ஓடட்டும், போகப் போக வேகம் பிடிக்கும் என்று விட்டான். அந்தப் பேச்சை மட்டும் வெட்டித் தனியாகக் கொடுக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த அம்மா கொஞ்ச நேரம், காப்பி எவ்வளவு ஆயிற்று என்று திரையில் காட்டும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அது காப்பி ஆவட்டும் தம்பி. அந்தப் பேச்சை மட்டும் இதுல ஒரு தடவை போட்டுக் காட்டறீங்களா?"

"இப்ப எதையும் தொறக்கக் கூடாதும்மா. இன்னும் ஸ்லோ ஆயிடும். ஊருக்குப் போயி ஆற அமர கேளுங்க."

அவன் சொன்னது மெஷின் கணக்குப்படி சரிதான். அந்தச் சரியைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த அம்மா புருஷனுடைய பேச்சு இருக்கிற பெட்டிக்கு முன்னால் முழங்கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு தடிமாடுகள், டீ வாங்கிக் கொடுத்து, வேகம் பிடிக்கும் பிடிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். போட்டுக் காட்டியிருந்தால் ஏழு நிமிஷம்.

நாலு மணிக்கு வாசலில் வேன் ஹாரன் அடித்தது. கோடு பாதியைக்கூடத் தொடவில்லை. அரைகுறை ஃபைல் எதற்கும் ஆகாது. புருஷோத்தமன் நிறுத்திவிட்டு டிஸ்கைக் கழற்றிக் கொடுத்தான். "நீங்க கெளம்புங்கம்மா. நான் டிவிடில போட்டு அடுத்த வாரமே அனுப்பறேன்" என்றான். வேனில் ஏறும்போது அந்த அம்மா நெல்சனிடம், "நல்ல சாமானா பாத்து வாங்கறதுக்கு என்ன?" என்று சொன்னது எங்கள் காதில் விழுந்தது. நெல்சன் டிஸ்கை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

புருஷோத்தமனுக்கு மனசு ஆறவில்லை. தன்னுடைய பழைய டிஸ்க் ஒன்றை எடுத்து ஹப்பில் சொருகி, அதே ஃபைலை அதற்கு ஓட விட்டுவிட்டு, முகம் கழுவப் பின்னால் போனான். மஞ்சள் கட்டம் மறுபடி எழும்பியது. மூட ஆளில்லாததால் நின்றது. நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தடவையாக அதைப் படித்தேன். இந்தச் சாமானை வேகமான இணைப்பில் சொருகினால் இன்னும் வேகமாக வேலை செய்யும் என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. மத்தியானம் முழுக்க அது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவன் வந்ததும் காட்டினேன். படித்தான். ஹப்பைப் பார்த்தான். நான் வாங்கிக் கொடுத்தது என்று அவன் சொல்லவில்லை. இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அதுவே எனக்குப் பெரிய தண்டனை.

"இந்த ஹப்பும் முன்னாடி தொளையும் பழசு. பின்னாடி இருக்கறதுதான் புதுசு ராஜவேலு. அதுல போட்டிருந்தா அரை மணிதான். வேன் இன்னும் திண்டிவனம் தாண்டியிருக்காது. காப்பி பண்ணி எடுத்துக்கினு வண்டியில தொரத்தினா ஏர்போர்ட்ல குடுத்துடலாம்" என்றான்.

சொல்லிக்கொண்டே மரப்பெட்டியின் பக்கவாட்டில் கையைக் கொடுத்து இழுத்தான். கன்னி மூலையாவது ஒன்றாவது, அந்த நிமிஷம் அவனுக்கு எதுவும் நினைவில்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருப்பதும் நினைவில்லை. சுவரிலிருந்து வந்த கரண்டு ஒயர் குட்டை. பெட்டி நகர, ஒயர் விறைத்து சிபியுவைப் பின்னால் இழுக்க, அது தட்டிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. மறுபடி போட்டபோது உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம் மட்டும் வந்தது. சென்னையில் மீட்டுத் தருபவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். உள்ளே ஹார்ட் டிஸ்க்கின் தட்டு கீறிவிட்டது, ஒன்றும் தேறாது என்று திருப்பிக் கொடுத்தார். "மூலைய அசைச்சா அப்படித்தான்" என்றாள் அவன் பெண்சாதி அஞ்சலாட்சி. நான் அவளிடம் வாயைக் கொடுக்கவில்லை.

டிவிடி போகவில்லை. இரண்டு தடவை நெல்சன் கூப்பிட்டபோது, அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று இழுத்தான். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று சாயங்காலம், ஆனந்தமேரி அம்மாவே கூப்பிட்டார். புருஷோத்தமன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

"டிஸ்க்கு மேல தப்பே இல்லம்மா. நான் சொருகுன எடம் தப்பு. அப்புறம் என் கையாலயே கீழ தள்ளிட்டேன். படம் போச்சும்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"அப்போ நெல்சன் வாங்குனது நல்ல டிஸ்க்குதானா?" என்றார். "ரெண்டு மாசமா அவன என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா தம்பி? அப்பா கொரலுக்கு ஒரு நல்ல சாமான் வாங்க மனசு வரலியாடான்னு கேட்டேன். மருமக முன்னாடியே கேட்டேன்."

புருஷோத்தமன் ஏதோ சொல்ல வருமுன் அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"சரி, விடுங்க. அந்தப் படத்த வெட்டி ஒட்டுனது நீங்கதானே. அவர் என்ன பேசுனாருன்னு உங்க வாயால சொல்லுங்க. முழுசும் வேணாம். ஞாபகம் இருக்கறத சொல்லுங்க, போதும்."

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும். எடிட்டிங்கில் உட்கார்ந்தால் சவுண்டை அடியோடு குறைத்துவிட்டு எஃப்எம் போட்டுக்கொள்வான். மேலே பாட்டுத்தானே வரப்போகிறது என்று கல்யாண வீடியோக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"நான் கேக்கலம்மா" என்றான். "சவுண்டு வைக்காமதான் வெட்டுனேன். பாத்தது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. பேசிக்கினே பந்தி பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. கண்ணத் தொடச்சாரும்மா. ரெண்டு தடவ."

"ரெண்டு தடவையா?" என்று கேட்டார் ஆனந்தமேரி அம்மா.

"ஆமாம்மா. ரெண்டு தடவ."