குமுதா உட்கார்ந்த பந்தி

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் குமுதாவின் குரலைத் தெரியாதவர் கிடையாது. பேக்டரியில் தேயிலைப் பொட்டலம் போடும் பன்னிரண்டு பெண்களுக்கு அவர்தான் மேற்பார்வை. வேலையில் கறார், சாப்பாட்டில் ரசனை. முப்பத்தொரு வயதில் அவரை முடக்கிப்போட்டது இருபது விநாடி வீடியோ ஒன்று.

ஒரு கல்யாண விருந்தில் அவர் ரசித்துச் சாப்பிடுவதைக் கணவரின் சித்தப்பா மகன் கோகிலன் போனில் எடுத்தான். "லோரியில லோட் ஏத்துறாங்க" என்று எழுதித் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். எல்லாரும் சிரித்த முகம் அனுப்பினார்கள். குமுதாவும் ஒன்று அனுப்பினார்.

அதன்பிறகு அவர் யார் முன்னாலும் சாப்பிடவில்லை. வீட்டில், "வேலையிலேயே சாப்பிட்டேன்" என்பார். வேலையில், "வீட்டுல ஆச்சு லா" என்பார். கொழுந்து லோரி ஓட்டும் கணவர் குணாளன் அதை நம்பினார். ஏழு மாதம் கழித்துப் பேக்டரிப் படியில் குமுதா மயங்கி விழுந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் உடம்பை ஓரளவு தேற்றி, உளவியல் நிபுணர் உமாதேவியிடம் அனுப்பினார்கள்.

"இது வீம்பு இல்ல, டயட்டும் இல்ல. நோய். குணமாகும்" என்றார் உமாதேவி.

சாப்பாட்டு முறையைச் சரிசெய்ய ஓர் ஆலோசகர் இருந்தார். கூடவே வாரம் ஒருநாள் உமாதேவி, கண்களை முழுக்க மூடும் கனத்த கண்ணாடி ஒன்றைக் குமுதாவுக்கு மாட்டிவிட்டார். மாட்டியதும், திரும்பிய பக்கமெல்லாம், நேரில் உள்ளே இருப்பதுபோல், ஓர் உணவகம் தெரிந்தது. பயப்படும் இடத்திலேயே, பயம் தணியும்வரை உட்கார்ந்து பழகுவதுதான் சிகிச்சை. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"பயமா இருக்கா, குமுதா?"

"இல்லையே டாக்டர். இவங்க யாருன்னே தெரியாதே. பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க."

"அப்போ யார் பார்த்தா பயம்?"

குமுதா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "எங்க தோட்டத்து ஆளுங்க" என்றார்.

அடுத்த வாரம் அவரே கேட்டார்: "எங்க தோட்டத்து ஹால்லயே படம் எடுத்து இதுக்குள்ள போட முடியுமா டாக்டர்?"

முடியும். ஆனால் அதற்குத் தோட்டத்தாரிடம் நோயைச் சொல்லியாக வேண்டும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், அத்தனை பேர் நடுவில் குமுதா நின்று சொன்னார். குரல் நடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் ஹாலுக்கு வந்து இலை போட்டு உட்கார்ந்தார்கள். குமுதாவின் இடத்தில், சுற்றிலும் படம் பிடிக்கும் கேமராவை உமாதேவி வைத்தார். கோகிலன் வாசலிலேயே நின்றான்.

"நான் வேணாமே, அண்ணி."

"நீதான் வேணும், தம்பி. நேரெதிர்ல உட்காரு. போனைத் தூக்கு."

தூக்கினான். கை ஆடியது. "மன்னிச்சிடுங்க அண்ணி."

"அப்புறம் மன்னிக்கிறேன். இப்ப ஆடாமப் பிடி!"

அந்தப் படத்துக்குள் முதன்முதலாக உட்கார்ந்தபோது மூன்றே நிமிடத்தில் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்து அழுதார் குமுதா. அடுத்த வாரம் பத்து நிமிடம் தாங்கினார். அதற்கடுத்த வாரம் மறுபடி மூன்றுதான். ஆனாலும் ஈப்போவுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. எட்டாவது வாரம், எதிரே கோகிலன் போனை நீட்டிக்கொண்டிருக்க, கையில் கொடுத்த நிஜ இட்டிலியைக் கண்ணாடிக்குள் இருந்தபடியே தின்று முடித்தார்.

மாசி மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழா. அன்னதானப் பந்தியின் நட்டநடுவில் குமுதா போய் உட்கார்ந்தார். அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"என்ன, எல்லாரும் கூரையைப் பாக்குறீங்க? என்னைப் பாருங்க லா!"

பந்தியே வெடித்துச் சிரித்தது. குமுதா சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை அவசரமில்லாமல் மென்றார். பிறகு இரண்டாவது. பக்கத்தில் குணாளன் தன் இலையை மறந்து, கண்கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அப்பளம் நமுத்துப்போவுது, சாப்பிடுங்க" என்று அதட்டிவிட்டு, பாயச வாளியோடு வந்தவரிடம் குமுதா இரண்டாவது முறையாகக் கப்பை நீட்டினார்.