சாக்ஸபோன் இல்லாத கேசட்

மைசூர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த கௌரிசங்கருக்குப் பழசு எதுவும் பிடிக்காது. சாப்பாட்டைச் சொல்லவில்லை, வருஷக்கணக்காக ஒரே ஓட்டலில், ஒரே மேஜையில்தான் மசால் தோசை சாப்பிட்டார். அவருக்குப் பிடிக்காதது பழைய சங்கீதம், அதுவும் அவரே வாசித்தது.

எழுபத்துமூன்றில் அவர் ஆரம்பித்த ‘கிரீன் சிக்னல்’, ஜாஸும் ஃபங்க்கும் கலந்து வாசிக்கும் குழு. அவர் சாக்ஸபோன், தங்கை பாலாம்பாள் கீபோர்டு, ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் காளிதாஸ் பேஸ் கிடார். தசராப் பொருட்காட்சியில் ஜனங்கள் எழுந்து ஆடுவார்கள். எந்தப் பாட்டுக்கு ஆடினார்களோ, அந்தப் பாட்டு அடுத்த வருஷம் இருக்காது. ஒரு கேசட்டில் லீட் கிடாரை எடுத்தார். அடுத்ததில் பாடகர் இராமச்சந்திரனை எடுத்தார். குரல் இல்லாதபோதுதான் பாட்டு பேசும் என்று இராமச்சந்திரன் வீட்டுக்கே போய் விளக்கிவிட்டு, காபியும் குடித்துவிட்டு வந்தார். பிறகு டிரம்ஸ் போய், தாளம் தட்டும் மெஷின் வந்தது.

தொண்ணூற்றேழில் புதிய கேசட். இப்போது மெஷினும் போயிற்று. கொள்ளேகாலிலிருந்து தமட்டெ என்ற தோல் மேளம் அடிக்கும் இரண்டு பேரை அழைத்து வந்தார். அந்த நிதானமான அடிக்கு மேல் பேஸ் நடந்தது. கீபோர்டு அங்கங்கே தொட்டுவிட்டுப் போயிற்று. நடுவே நிறைய இடைவெளி. பெங்களூர் ஸ்டுடியோவில் அதைக் கேட்டபோது கௌரிசங்கருக்கே உடம்பு சிலிர்த்தது. உடனே சாக்ஸபோனை எடுத்து இடைவெளிகளையெல்லாம் நிரப்பினார்.

பதிவைத் திரும்பப் போட்டார்கள். காளிதாஸ் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலாம்பாள்தான் சொன்னாள்.

"அண்ணா, இதுல உன் சாக்ஸபோன் வேண்டாம்."

"எந்தப் பாட்டுல?"

"எல்லாத்துலயும். ஹொசது, புதுசுன்னு நீதானே சொல்லிண்டிருக்கே. இது நிஜமாவே புதுசு. அதுல நீ மட்டும்தான் பழசா கேக்கறே."

அவர் பெட்டியை மூடிக்கொண்டு மைசூருக்கு பஸ் ஏறிவிட்டார். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தார். தங்கையோடு சண்டை போட அவரிடம் வார்த்தை இல்லை. இருந்த நியாயத்தையெல்லாம் மற்றவர்களிடம் சொல்லித் தீர்த்திருந்தார். செய்தி கேட்டு இராமச்சந்திரன் பார்க்க வந்தார். காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து கௌரிசங்கர் ஸ்டுடியோவுக்குத் திரும்பினார். தமட்டெக்காரர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஜால்ரா தட்டினார். அதையும் சில பாட்டுகளுக்குப் பாலாம்பாள் வேண்டாமென்றாள். அவர் தலையாட்டினார்.

கேசட் வெளிவந்தது. கௌரிசங்கரின் துணிச்சலான மௌனம்தான் இந்தக் கேசட்டின் மிகச் சிறந்த வாசிப்பு என்று பெங்களூர் பத்திரிகை ஒன்று எழுதியது. அதை அவர் ஆபீசில் ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் படித்துக் காட்டினார். அந்த மாதம் முடிவதற்குள் மௌனம் அவருடைய யோசனையாகவே ஆகிவிட்டது. ரேடியோ பேட்டியில், வாசிக்காமல் இருப்பதற்கு ஒரு ஆயுள் பயிற்சி வேண்டும் என்றார். அடுத்த கேசட் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அதில் கீபோர்டு இருக்காது என்றார்.

பாலாம்பாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பேட்டியை முழுக்கக் கேட்டாள். சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது. காளிதாஸ்.

"அக்கா, கேட்டீங்களா? அதுல நானாவது இருக்கேனா?"

"அண்ணா இன்னும் அவ்வளவு தூரம் யோசிக்கலை, காளிதாஸ்," என்றாள்.