வேழத்துக்கு இரண்டு கோடு

"வேழம்!" என்று கத்தினேன். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரு கையை மூக்குக்கு முன்னால் தொங்கவிட்டு அசைந்தாடினார்கள். மிச்சப் பாதி "உஸ்ஸ்ஸ்" என்று சீறிக்கொண்டு சிமெந்துத் தரையில் நெளிந்தது. ஒருத்தி மட்டும் தும்பிக்கையையும் ஆட்டினாள், சீறவும் செய்தாள்.

முதலில் குறும்பு என்றுதான் நினைத்தேன். ஒத்த கருத்துச் சொற்களை நான் நடிக்க வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். சொல்லைக் கூப்பிட்டால் பிள்ளைகள் அந்தப் பொருளாக மாற வேண்டும். புரவி என்றால் குதிரை ஓட்டம். மாரி என்றால் மேசையில் விரலால் தட்டி மழை. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மறக்காது. அன்றைக்கோ எல்லாமே தலைகீழ். "அரவம்!" என்றேன். பாம்பாக நெளிய வேண்டியவர்கள் மழை தட்டினார்கள். "புரவி!" என்றேன். குதிரைகளுக்கு நடுவே யானைகள் வந்தன.

"ஏய், என்னடா இது? எல்லாருக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

முன் வரிசைப் பையன் எழுந்து நின்றான். "டவுண் சேர் குடுத்த தாள்ல அப்பிடித்தான் டீச்சர் இருக்கு."

தாளை வாங்கிப் பார்த்தேன். இடது பக்கம் சொற்கள், வலது பக்கம் கருத்துகள். தட்டச்சு அடித்த மகராசன் எங்கேயோ 'குதிரை'யை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு வலது பக்கம் முழுக்க ஒரு வரி மேலே ஏறிவிட்டது. புரவி – யானை. வேழம் – பாம்பு. அரவம் – மழை. மாரி – உலகம். கடைசியில் தரணிக்கு எதிரே வெற்றிடம். பிள்ளைகள் அதையும் பாடமாக்கியிருந்தார்கள். "தரணிக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றான் அவன், ரொம்பத் தெளிவாக.

சிரிப்பு வர வேண்டிய இடம்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் மாத்தளைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஏற வேண்டும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் டவுண். தினமும் டவுணுக்கு அனுப்பப் பெற்றவர்களுக்கு வக்கில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் பண்ணினால் உதவிப் பணமும் நல்ல பள்ளிக்கூடமும் கிடைக்கும். பாஸ் பண்ணாவிட்டால் பையன்களுக்குக் கடை, பெண்களுக்குக் கொழும்பில் யாராவது வீட்டு அடுப்படி. இதில் ஒளிவு மறைவே கிடையாது. பிள்ளைகளுக்கும் தெரியும்.

தும்பிக்கையும் ஆட்டிச் சீறவும் செய்த அந்தப் பிள்ளைக்கு வீடு ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. கொழும்பில் ஒரு வீட்டில் கைக்குழந்தை பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். "பாஸ் பண்ணா படி, இல்லேன்னா போ" என்று அப்பன் சொல்லியிருந்தான். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். பதில் தெரிந்தாலும் கையைத் தூக்கமாட்டாள். பக்கத்துப் பிள்ளை தூக்கட்டும் என்று காத்திருப்பாள். அந்தக் குணத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததும் உண்டு.

டவுண் சேர் என்பவர் மாத்தளையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை தோறும் டியூஷன் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை கலேவெல. தம்புள்ளைக்குப் போகிற மரக்கறி லொறி மாதிரி, கட்டுக் கட்டாகத் தாள்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். எங்கள் சனங்கள் கொழுந்து பறித்த காசில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளை அவரிடம் அனுப்பினார்கள். அது யுத்தக் காலம். வழியில் செக்பொயிண்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். பத்து வயதுப் பிள்ளையின் பையையும் திறந்து பார்ப்பார்கள். அதையெல்லாம் சகித்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டு வந்ததைப் பார், வேழம் என்றால் பாம்பாம்!

அந்தக் கிழமையே பெற்றோரைக் கூப்பிட்டேன். தாளைத் தூக்கிக் காட்டி, இது பிழை, பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றேன். கொழும்பில் வீடு பார்த்திருந்த அந்தப் பிள்ளையின் அப்பன்தான் எழுந்து நின்றான்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. அவரு பெரிய படிப்புப் படிச்சவரு. காசு குடுத்து வாங்குன தாளு, அது பொய் சொல்லுமா?"

"கேப்பையில நெய் வடியுதுன்னு சொன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்கய்யா போச்சு? நீங்க யாரும் வேழத்தைப் பாத்ததில்லையா? பெரஹரா ஊர்வலத்துல பாத்ததில்லையா?"

"யானையப் பாத்திருக்கோம் டீச்சரம்மா. வேழத்த எங்க பாத்தோம்?" என்றான் அவன். கேலி இல்லை, நிசமாகவே கேட்டான்.

அவனிடம் கோபப்பட்டு என்ன செய்ய? நான் இதே தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். நிரந்தர நியமனம் கிடைக்காத தொண்டர் ஆசிரியை. சும்மா சொல்லிக்கொடுக்கிறவள் சொல் சும்மாதான் என்று ஆகிவிட்டது. இலவசமாகக் கிடைத்த யானையை விடக் காசு கொடுத்த பாம்பு உசத்தி.

அடுத்த சனிக்கிழமை டவுணுக்குப் போனேன். மேல்மாடி வாசலில் அவரை மறித்தேன். தாளைப் பார்த்தார், தன் பிழை என்று உடனே கண்டுகொண்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தெரியாத மனுஷன் என்றால் மன்னித்துவிடலாம்.

"ஓ, ஒரு வரி ஏறிருச்சி" என்றார். "டீச்சர் எந்த டிரெய்னிங் கொலேஜ்?"

"நான் தொண்டர் ஆசிரியை சேர். இதைப் பிள்ளைங்ககிட்ட இன்னிக்கே திருத்திச் சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

"அது சரி வராது. தாள் அடிச்சாச்சு. பிள்ளைங்க நல்லாப் பாடமாக்கிட்டாங்க. இப்ப மாத்தினா கொழம்பிருவாங்க. அடுத்த பெட்ச்சுக்குப் பாப்போம்."

"கொழம்பிருவாங்களா? சேர், பரீட்சையில வேழம் வந்தா என்ன எழுதுவாங்க?"

"எல்லாம் வராது டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற சத்தம் கேட்டது. என்ன நெஞ்சழுத்தம்! பிழை விட்டவன் பிழையோடு நிமிர்ந்து நிற்கிறான், திருத்தப் போனவள் படியில் நின்று செருப்பைத் தேடுகிறாள்.

பரீட்சை வரைக்கும் நான் விடவில்லை. தினமும் காலையில் வேழம், புரவி, அரவம், மாரி, தரணி. தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் கத்தினேன். பிள்ளைகளும் எனக்காக யானை ஆடினார்கள். சனிக்கிழமை போய் அவருக்காகப் பாம்பு எழுதினார்கள்.

பரீட்சையில் வேழம் வந்தது. குதிரை, பாம்பு, யானை என்று மூன்று விடை கொடுத்து, சரியானதன் கீழ்க் கோடிடச் சொல்லியிருந்தார்களாம். மண்டபத்திலிருந்து வந்த பிள்ளைகள் சொன்னார்கள். அரவமும் வந்ததாம். அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "போட்டிருக்கேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

முடிவு வந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒருவரும் பாஸ் இல்லை. அவள் பாஸுக்கு வேண்டிய வெட்டுப்புள்ளிக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டாள். அந்த இரண்டு கேள்வியும் சரியாக இருந்திருந்தால் போதும்.

அவளைக் கூட்டிப்போகக் கொழும்பிலிருந்து ஆள் வந்தது ஒரு சனிக்கிழமை. பஸ் திரும்புகிற இடத்துக்கு நானும் இறங்கிப் போனேன். புதுச் சட்டை, அளவு பெரிது, தோளிலிருந்து நழுவியது. கொழும்பில் ஆமிக்காரர் சுற்றிவளைப்பு என்று நாளும் பேசிக்கொண்டிருந்த காலம். தாய் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வேழத்துக்கு எதுல கோடு போட்ட?"

"ரெண்டுலயும் டீச்சர்."

"ரெண்டுலயுமா? ஏண்டி? அது யானைன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாம்புல போடலேன்னா அப்பா காசு குடுத்தது வீணாப் போயிரும். யானையில போடலேன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்க."

பஸ் வந்தது. "போயிட்டு வாறேன் டீச்சர்" என்றாள். ஏறியதும் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, அதற்குச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்த அடுத்த பஸ்ஸில் நான் டவுணுக்குப் போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. செருப்பைக் கழற்றாமல் படியேறி நேரே வகுப்புக்குள் போனேன். புதுப் பிள்ளைகள், அடுத்த வருடப் பரீட்சைக்காரர்கள், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சேர் கரும்பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் கையில் தாள். அதே தாள். ஒரு வரிகூட இறங்கவில்லை.

"பிள்ளைங்களா, வேழம்னா என்ன?" என்று கேட்டேன்.

"பாம்பு!" மாடியே அதிர்ந்தது.

"இல்ல. யானை."

அவர்கள் சேரைப் பார்த்தார்கள். சேர் லேசாகச் சிரித்தார். உடனே அத்தனை பிள்ளைகளும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது யானைதான் என்று தெரிந்தவள், அந்நேரம் பஸ்ஸில் கொழும்புப் பாதையில் கேகாலையைத் தாண்டியிருப்பாள்.