கால் அடிக்காத ஆள் தேவை

லைஃப்கார்டு வேலையில் தண்ணீரைச் சமாளிச்சிடலாம். கரையில் நிற்கிறவங்களைச் சமாளிக்கத்தான் யாரும் பயிற்சி கொடுக்கிறதில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெத்து, வயசு நாற்பதை எட்டிப் பார்க்கிற நேரத்தில் புதுசா ஒரு வேலை படிக்கப் போன சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்களுக்குப் புரியாது.

விஷயம் இதுதான். எங்க கொச்சியில், பள்ளுருத்திப் பக்கம் புதுசா ஒரு நீச்சல்குளம் வந்தது. பெண்களுக்குத் தனி நேரம் உண்டுன்னு பலகை வெச்சாங்க. பலகை மட்டும்தான். பெண் லைஃப்கார்டு இல்லாம பெண்களைத் தண்ணியில் இறக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. என் மகள் சுமையா ஆசையா வாங்கின நீச்சலுடை மடிப்புக் கலையாம அலமாரியில் கிடந்தது. நான் இடக்கொச்சிக் காயலோரம் பிறந்தவ, அண்ணன்மாரோட நீந்தி வளர்ந்தவ. சரி, நானே அந்த லைஃப்கார்டு ஆயிடறேன்னு பயிற்சியில் சேர்ந்தேன். நான் பாஸானாத்தான் அந்தக் குளம் பெண்களுக்குத் திறக்கும்.

ஓட்டம்

தினமும் காலையில் ஓடணும்னார் ஜோசப் சார், எங்க பயிற்சியாளர். அவருக்கென்ன, சொல்லிட்டார். மட்டாஞ்சேரியில் ஒரு பொம்பளை ஓடினா வீட்டில் ஏதோ நடந்து போச்சுன்னுதான் அர்த்தம். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு பஜார் வழியா ஓடினேன். சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தவங்க கிளாஸோட எழுந்து நின்னுட்டாங்க. ஒருத்தர் என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே கூட ஓடி வந்தார். உடற்பயிற்சின்னு சொன்னா நம்பாம, பாவம், எதையோ மறைக்கிறாளேன்னு பார்க்கிறார்.

கடைசியில் ஒரு ஆட்டோ பக்கத்திலேயே உருண்டு வந்தது. நான் வேகத்தைக் கூட்டினா அதுவும் கூட்டுது. ஓட வந்தவளை ஓடவும் விடாம, அந்த டிரைவர் தலையை வெளியே நீட்டி, எங்க பக்கம் அக்காவைக் கூப்பிடுற மாதிரி இத்தான்னு கூப்பிட்டுச் சொன்னார்:

"காசெல்லாம் வேண்டாம் இத்தா, ஏறுங்க. ஆஸ்பத்திரியில யாரு கிடக்கிறது?"

சாவி

முதலுதவி வகுப்பு முடிஞ்ச வாரமே படகுத்துறை வரிசையில் ஒருத்தர் வலிப்பு வந்து விழுந்தார். சுத்தி இருந்த சாமானையெல்லாம் தள்ளிவிட்டு, என் துப்பட்டாவை மடிச்சு அவர் தலைக்கடியில் வெச்சேன். அதுக்குள்ளே கூட்டம் கூடி, இரும்பு கொடு, இரும்பு கொடுன்னு ஒரே சத்தம். வீட்டுச் சாவி, கடைச் சாவி, வண்டிச் சாவின்னு நாலா பக்கமும் கை நீளுது. சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது? நான் ஒண்ணைத் தட்டிவிட்டா இன்னொண்ணைத் திணிக்கிறாங்க.

உதறல் தானா அடங்கினதும் அவரை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கேன்னு கேட்டார். எனக்கு ஒரு நன்றிகூட வேண்டாம்ங்க. ஆனா ஒரு பெரியவர் தன் ஸ்கூட்டர் சாவியை வேட்டியில் துடைச்சுக்கிட்டே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது இன்னிக்கும் என் வயித்தை எரிக்குது:

"நல்ல கம்பெனி வண்டி. சாவி பட்ட உடனே எழுந்துட்டான், பார்த்தீங்கல்ல?"

இரக்கம்

கடைசிப் பரீட்சை, மூழ்கினவரா நடிக்கிற ஆளை ஆழத்திலிருந்து கரை வரைக்கும் இழுத்துட்டு வரணும். அந்த ஆள் கட்டை மாதிரி கிடக்கணும். எனக்குக் கிடைச்சவன் கூடப் படிச்ச விபின். இழுக்க இழுக்க அவன் லேசா வந்தான். ஆஹா, நமக்கு இவ்வளவு பலமான்னு நான் பூரிச்சுப் போனேன். கரைக்கு வந்தா சார் முகம் கடுகடுன்னு இருக்கு. விபின் தண்ணிக்கடியில் கால் அடிச்சிருக்கான்! மூழ்கினவன் கால் அடிப்பானா? பரீட்சை செல்லாது.

வேற ஆளோட நாளைக்கு ஒரு வாய்ப்பு, அதுவும் போனா அவ்வளவுதான்னுட்டார் சார். என் மகளோட குளத்துக்கு உலை வெச்சிட்டியேடான்னு விபினைப் பிடிச்சு உலுக்கினேன். அவன் சொன்னான்:

"இத்தாவைப் பார்த்தா பாவம் தோணிப் போச்சு."

மச்சான்

மத்த பசங்களும் இரக்கப்பட்டுக் கால் அடிச்சிடுவாங்க. எனக்காகக் காலை அசைக்கவே அசைக்காத ஆம்பளை யாருன்னு ராத்திரி யோசிச்சேன். பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கிட்டிருந்தார், நான் மச்சான்னு கூப்பிடுற என் வீட்டுக்காரர். மிளகாய் மண்டிக்காரர். சாப்பிட்ட தட்டை எடுத்து வெச்சதில்லை. வாளித் தண்ணியைத் தவிர வேறெதிலும் குளிச்சதுமில்லை. காலையில் நான் கேட்டப்போ முடியாதுன்னார். சுமையா நீச்சலுடையை எடுத்து அவர் மடியில் வெச்சா. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எழுந்து வந்தார்.

நீச்சல் தெரியாத ஆளாச்சேன்னு சாரும் விபினும் மிதவையோட ரெண்டு பக்கமும் நின்னாங்க. ஆழத்துக்குப் போனதும் மச்சானுக்கு நடிப்பெல்லாம் மறந்து போச்சு. ரெண்டு கையாலயும் என் கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிறார். நிஜமா மூழ்குறவன் பிடிக்கிற பிடி. எனக்குக் கண் இருட்டிடுச்சு. உதவிக்கு வரப்போன சாரைக் கையைக் காட்டி நிறுத்தினேன். படிச்சபடி தாடையை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு, அவரோட தண்ணிக்குள்ளே முங்கினேன். உள்ளே போனதும் பயந்து பிடியை விட்டார். பின்பக்கமா வந்து, அக்குளில் கை கொடுத்து, முகம் தண்ணிக்கு மேலே இருக்கிற மாதிரி கரை வரைக்கும் இழுத்தேன். சத்தியமா ஒரு தடவைகூடக் கால் அடிக்கலை மனுஷன்.

பாஸ்னு சார் விசில் அடிச்சார். கரையில் நின்ன சுமையா ஓடி வந்து ஈரத்தோட நின்ன என்னைக் கட்டிக்கிட்டா. எனக்கு அழுகை வந்துடுச்சு. மச்சான் படியில் உட்கார்ந்து இருமி முடிச்சு, மூக்கைத் துடைச்சுக்கிட்டு, சாரைக் கூப்பிட்டு ரொம்ப நியாயமான குரலில் கேட்டார்:

"நடுவுல என்னை விட்டுட்டா சார். அதுக்கு மார்க் குறைக்கணும்ல?"

மூழ்குகிறவன் கழுத்தைப் பிடிப்பான்னு மட்டும்தான் பாடத்தில் இருக்கு. கரையில் தூக்கிப் போட்டதும் குறை சொல்லுவான்னு நாமதான் சேர்த்துப் படிச்சுக்கணும்.