மதர் சீரியஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் அம்மா அடிக்கடி தந்தியில் சாகக் கிடப்பாள். நேரில் பார்த்தால் கல்லு மாதிரி இருப்பாள்.

அண்ணனுக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அறுவடைக்கு லீவு கேட்டால் மேஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். தந்தியை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போடுவார். அதனால், ராகி முற்றியதும் ஓசூர் தபாலாபீசிலிருந்து 'மதர் சீரியஸ்' என்று தந்தி அடிக்கச் சொல்லியிருந்தான் அண்ணன். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில் நானே நடந்துபோய் ஃபாரத்தை நிரப்பிக் கொடுப்பேன்.

"இன்னும் எத்தினி வாட்டிடி என்னைச் சாவடிப்பீங்க?" என்று அம்மா சிரிப்பாள்.

அந்த வருஷமும் கதிர் முற்றி நின்றது. பனியில் நனைந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. "பெரியவனை வரச்சொல்லு" என்றாள். ஓடினேன்.

தந்திக்காரர் என்னைப் பார்த்ததுமே, "என்னம்மா, ராகி அறுப்பா? அதே மதர் சீரியஸ் தானே?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். இன்னொரு வார்த்தை சேர்க்கத் தோன்றவில்லை. பொய்க்கு ஒரு வார்த்தை பேசி வைத்திருந்தோம், நிஜத்துக்கு எதையும் பேசி வைக்கவில்லை. பாவி, அன்றைக்கு என் இங்கிலீஷ் எங்கே போய்த் தொலைந்தது?

இரண்டு நாள் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டாள். வெயில் ஏறும்வரை அண்ணனுக்காக வைத்திருந்து பார்த்தார்கள். கடைசியில் கொள்ளி வைத்தது சித்தப்பாதான்.

அண்ணன் அன்று சாயங்காலம் வந்தான். அறுப்புக்குத்தானே என்று கைவேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, கடைவீதிக்கும் போய்விட்டுச் சாவகாசமாகக் கிளம்பியிருக்கிறான். கக்கத்தில் புதுக் கம்பளி. தெருவிலிருந்தே, "அம்மோவ், பனியில வயலுக்குப் போறியே, இந்தா, போத்திக்க!" என்று குரல் கொடுத்தான்.

அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் சொன்னான். மேஸ்திரி ஏட்டிலிருந்து தலை நிமிராமலே, "அம்மாவுக்கு இப்ப எப்படி?" என்று கேட்டாராம். மொட்டைத் தலையோடு அவர் முன்னால் நின்ற அண்ணன், பழக்கத்தில், "தேவலை சார்" என்று சொல்லிவிட்டானாம்.